விரிசல் மேல் ஒட்டிய கண்ணாடி

போன மாதம் எங்கள் பழைய அலுவலகத்திலிருந்து இரண்டு இளம் பொறியாளர்கள் என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தார்கள். சோப்புப் பெட்டி அளவில் ஒரு கருவியைக் கொண்டுவந்திருந்தார்கள். விரிசல் விட்ட சுவரில் அதை ஒட்டிவிட்டால் போதுமாம், மயிரிழை அசைந்தாலும் எண் காட்டிவிடுமாம். காபியைக் குடித்துக்கொண்டே ஒருவன் கேட்டான், "உங்க காலத்துல இதெல்லாம் இல்லாம எப்பிடி சார் பாத்தீங்க?"

"கண்ணாடித் துண்டு ஒட்டிப் பாப்போம்" என்றேன்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றாலும் என் மூக்குமேல் இருக்கிற கோபம் மட்டும் ஓய்வு பெறவில்லை என்று வீட்டில் சொல்வார்கள். "சிரிக்காதீங்கப்பா. ஒரு கோயிலே அந்தக் கண்ணாடியில தொங்கிகினு இருந்துச்சி" என்று ஆரம்பித்தேன். பாதி சொல்வதற்குள் அவர்கள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. முழுக்கதையையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

ஆரணியில் பட்டு நெய்கிற குடும்பம் எங்களுடையது. அண்ணன்கள் தறியில் உட்கார்ந்தார்கள். எனக்குக் கணக்கு நன்றாக வந்ததால் பாலிடெக்னிக்குக்கு அனுப்பினார்கள். படித்து முடித்து, அரசுக் கட்டடங்களைப் பார்த்துக்கொள்ளும் பிரிவில் ஓவர்சியராகச் சேர்ந்தேன். முதல் சில வருடங்கள் ரோடு, சாக்கடை, குவார்ட்டர்ஸ் வெள்ளையடிப்பு என்று போயின. அதில் சொல்ல ஒன்றுமில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கோமதி மேடம் மேலதிகாரியாக வந்த பிறகுதான் நான் உண்மையில் வேலை கற்றுக்கொண்டேன்.

மேடம் வேலூர்க்காரர். ஒல்லி, குட்டை, கையில் எப்போதும் ஆண்கள் பிடிக்கிற கறுப்புக் குடை. ஒரு கட்டடத்தைப் பார்க்கப் போனால் யாரிடமும் பேசமாட்டார். வெளியே ஒரு சுற்று மெதுவாக நடப்பார். பிறகு, தன்னைவிட வயதான கட்டடமாக இருந்தால், அது தாலுகா ஆபீஸாகவே இருந்தாலும், செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போவார். குடை நுனியால் சுவரைத் தட்டித் தட்டிக் கேட்பார். பக்கத்தில் இருக்கிறவன் "டேஞ்சரா மேடம்?" என்று வாயைத் திறந்தால் தொலைந்தான்.

"மொதல்ல வரைங்க ஏகாம்பரம். அப்புறமா பேசுங்க."

இதுதான் அவருடைய மந்திரம். கட்டடம் எதுவானாலும் டேப்பைப் பிடித்து அளந்து, கையால் படம் வரைந்துகொண்டு வந்து கொடுத்தால்தான் அதைப் பற்றிப் பேசலாம். வந்தவாசிப் பக்கம் ஒரு பழைய ஆபீஸில் சுவர் வயிறு முன்னுக்குத் தள்ளி நிற்கிறது என்று ஊரே அலறியது. வரைந்து பார்த்தேன். வெளியே வீங்கியிருந்த சுவர் உள்ளே குழியவில்லை. பல தலைமுறையாகச் சுரண்டாமல் மேலே மேலே பூசிய பூச்சுதான் அந்த வயிறு. தேசூரில் இதற்கு நேர்மாறாக, வெள்ளையடித்துப் பளபளவென்று நின்ற ஒரு தண்ணீர்த் தொட்டியை வரைந்து முடித்ததும் மேடம் என் படத்தில் அதன் சாய்வைப் பார்த்து, அன்றைக்கே தண்ணீரை இறக்கச் சொன்னார். அவர் பாராட்டினதே கிடையாது. திருப்தி என்றால், "சரி, டீ சொல்லுங்க" என்பார். அந்த டீக்காக நான் நாய் மாதிரி உழைத்திருக்கிறேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

இப்போது கோயிலுக்கு வருகிறேன்.

ஆரணிக்கு வெளியே வயல்களுக்கு நடுவில் ஒரு பழைய மாதா கோயில். ஐரோப்பாவில் ஏதோ ஒரு சின்ன ஊரிலிருந்து வந்த சாமியார், தன் ஊரிலிருந்த இடைக்காலத்துக் கோயிலை மனதிலேயே வைத்துக்கொண்டு இங்கே கட்டினாராம். தூரத்திலிருந்து பார்த்தால் அதே சாயல்தான். கூம்பிய வளைவுகள், சுவருக்கு முட்டுக்கொடுத்து வெளியே நிற்கிற தாங்குசுவர்கள், முன்னால் உயர்ந்த மணிக்கூண்டு. அந்த ஊரில் கருங்கல்லில் கட்டியதை இங்கே செங்கல்லும் சுண்ணாம்பும் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் போட்டுக் கட்டியிருந்தார்கள். கிட்டே போனால்தான் நம்ம ஊர் ஆட்களின் கைவேலை தெரியும். தூண் தலையில் திராட்சைக் கொத்து இருக்க வேண்டிய இடத்தில் வெற்றிலைக் கொடி ஏறியிருந்தது. பலிபீடத்துக்கு மேலே சுதையில் செய்த சம்மனசுகள், அதாவது தேவதூதர்கள், பெரிய கரை வைத்த பட்டைத்தான் உடுத்தியிருந்தார்கள். எனக்கு முதல் நாளே அந்தக் கோயில் பிடித்துப்போய்விட்டது.

எங்களை அங்கே அழைத்துப் போனது ஒரு விரிசல். பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஓடு மாற்றிக்கொண்டிருந்ததால் சின்ன வகுப்புப் பிள்ளைகளைக் கோயிலுக்குள் உட்காரவைத்துப் பாடம் நடத்தினார்கள். அதற்கு எங்கள் பிரிவின் உறுதிச் சான்று வேண்டும். மணிக்கூண்டும் கோயிலும் சேருகிற இடத்தில், வளைவு முகட்டிலிருந்து தரைவரைக்கும் ஒரு விரிசல் நேராக இறங்கியிருந்தது. உள்ளே விரல் நுழையும்.

பங்குச் சாமியார் ஃபாதர் அருளப்பன் இளைஞர். வெளிப்படையாகச் சொன்னார்: "மேடம், எனக்குப் பயமா இருக்கு. பிள்ளைங்க தலைமேல விழுந்தா நான் யாருக்குப் பதில் சொல்வேன்?" ஊரில் இரண்டு கட்சி. பட்டு வியாபாரி சவரிமுத்து, இதை விட்டுவிட்டுப் பெரிசாகக் கான்கிரீட்டில் புதுக்கோயில் கட்ட வேண்டும், தானே முன்னால் நிற்கிறேன் என்றார். மற்றவர்களுக்கு இதைத் தொடுவதென்றாலே நெஞ்சு பதறியது.

பூசை முடிந்து எல்லோரும் இருக்கும்போதே மேடம் விரிசலுக்கு முன்னால் நின்று பேசினார். "விரிசல்ல ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு பழசு, நின்னுபோனது. இன்னொண்ணு இன்னும் ஓடிகினு இருக்கறது. இது எதுன்னு பாக்க இதுமேல ஒரு கண்ணாடி ஒட்டப்போறோம். மழைக்காலம் முடியறவரைக்கும் அது உடையலன்னா கோயில் நிக்கும். உடைஞ்சா சுவரு அசையுதுன்னு அர்த்தம். பூட்டச் சொல்லி நானே எழுதிடுவேன்."

பூட்டினால் அப்புறம் இடிப்புதான் என்பது எல்லோருக்கும் தெரியும்.

கண்ணாடி ஒட்டுவதில் ஒரு முறை இருக்கிறது. கடைத்தெருவில் சாமி படம் சட்டம் போடுகிறவரிடம் போய், இருப்பதிலேயே மெல்லிய கண்ணாடியில் விரல் நீளத்துக்குத் துண்டு வெட்டி வாங்கினேன். விரிசலின் இரண்டு பக்கமும் பூச்சைச் செங்கல் தெரிகிறவரை சுரண்டி, தூசி போகக் கழுவி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் பக்கத்துக்கொரு உருண்டை வைத்து, கண்ணாடியின் இரு முனையையும் அதில் பதித்தேன். நடுப்பாகம் விரிசல்மேல் அந்தரத்தில் நிற்க வேண்டும். சுவர் துளி விலகினாலும் கண்ணாடி படக்கென்று உடைந்துவிடும். பார்த்துக் குறிக்க வசதியாக நெஞ்சு உயரத்தில் ஒட்டி, பக்கத்தில் சிவப்புப் பெயிண்டில் தேதி எழுதினேன்.

அடுத்த திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் கண்ணாடி இரண்டாக உடைந்திருந்தது.

மேடம் "ம்" என்றார். வேறொன்று ஒட்டினோம். அதுவும் உடைந்தது. மணி ஆடுகிற அதிர்வாக இருக்கும் என்று மணி அடிப்பதை நிறுத்தச் சொன்னார் மேடம். கோயில் மணி கேட்டுத் தறிக்குத் தார் நூல் சுற்ற உட்காருகிற தெருவுக்கே பொழுது தெரியாமல் போனது. மறுபடி ஒட்டினோம். மறுபடி உடைந்தது. ஃபாதர் பிள்ளைகளை வெளியே வேப்பமரத்தடிக்கு அனுப்பிவிட்டார். மழையும் தொடங்கிவிட்டது. அந்தப் பிள்ளைகள் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

இதற்கு நடுவில் நான் வரைந்துகொண்டே இருந்தேன். வரையும்போது ஒரு விஷயம் உறுத்தியது. மணிக்கூண்டிலிருந்து கோயிலுக்குள் நுழைகிற வளைவுக்கு மேலே, புருவம் மாதிரி ஒரு விளிம்பு முன்னுக்கு நீண்டிருந்தது. வெளிச்சுவர்களில் சன்னலுக்கு மேலே மழைத்தண்ணீர் வழியாமல் இருக்க வைத்திருந்த அதே விளிம்பு. இங்கே மட்டும் கூரைக்கு அடியில் இருந்தது.

"மேடம், வீட்டுக்குள்ள யாராவது தாழ்வாரம் போடுவாங்களா?" என்று படத்தைக் காட்டினேன்.

மேடம் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுந்து போய்க் கொத்துக்கரண்டியால் விரிசலின் இரு பக்கமும் பூச்சைப் பெயர்த்தார். கோயில் பக்கம் மெல்லிய நாட்டுச் செங்கல். கூண்டுப் பக்கம் தடித்த சூளைச் செங்கல். ஒரு செங்கல்கூட அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் கோத்துக் கட்டப்படவில்லை. கோயிலைக் கட்டி, அதன் முகப்பு பல வருடம் மழையில் நனைந்த பிறகு, வேறு யாரோ வந்து முன்னால் கூண்டை எழுப்பியிருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளியைப் பூச்சு போட்டு மூடிவிட்டார்கள். பூச்சு காய்ந்து பிளந்ததுதான் நாங்கள் பார்த்த விரிசல்.

"இது விரிசலே இல்ல ஏகாம்பரம். ரெண்டு கட்டடம் பக்கத்துல பக்கத்துல நிக்குது. எந்தக் காலத்துலயும் ஒட்டினதே இல்ல." குரலில் சந்தோஷம் தெரிந்தது. ஆனால் டீ சொல்லவில்லை. "அப்போ கண்ணாடி ஏன் உடையுது? கூண்டு தனியா சாயுதோ என்னமோ. அது இன்னும் மோசம்."

அன்றைக்கு ஏணி வைத்துப் பாடகர் மேடைக்கும் மேலே இன்னொரு கண்ணாடி ஒட்டச் சொன்னார். அடுத்த வாரம் கீழே உடைந்திருந்தது. மேலே ஒரு கீறல்கூட இல்லை. மேடம் குடையைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றார்.

"கூண்டு சாஞ்சா மேலதான் அதிகமா விலகணும். மேல நல்லா இருந்து கீழ உடைஞ்சா அது சுவரோட வேலை இல்ல. ஆளோட வேலை."

எனக்குச் சட்டென்று சவரிமுத்து முகம்தான் வந்தது. புதுக்கோயில் கட்ட ஆசை, கண்ணாடி உடைந்தால் காரியம் முடிந்தது. "அந்த ஆளுதான் மேடம், வேற யாரு! பாவி மனுசன், நம்மள இத்தனை நாளு பேஜார் பண்ணிட்டானே!" என்று குதித்தேன். மேடம் என்னை முறைத்தார். "பாக்காம பேசாதீங்க. சனிக்கிழமை சாயங்காலம் கூட்டம் வரும். சொல்லாம போய் உக்காந்து பாருங்க."

சனிக்கிழமை மாதா செபத்துக்கு முன்பே போய், ஒரு தூணுக்குப் பின்னால் கடைசி பெஞ்சியில் உட்கார்ந்தேன். செபம் முடிந்தது. ஃபாதர் அடுத்த ஊர்ப் பூசைக்கு மோட்டார் சைக்கிளில் கிளம்பிப் போனார். ஜனங்கள் கலையவில்லை. ஒருவர் பின் ஒருவராக எழுந்து விரிசலுக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருவராகப் போய், உள்ளங்கையை விரிசல்மேல் வைத்து, சுவரைத் தாங்குகிறவர்கள் மாதிரி அழுத்தி, கண்ணை மூடி முணுமுணுத்து, கையை முத்தமிட்டு விலகினார்கள். கண்ணாடியைக் கவனிக்கிற நிதானம் அவர்களுக்கு இல்லை. கைக்குழந்தையின் கையைப் பிடித்தும் ஒருத்தி அழுத்தினாள்.

அந்த வரிசையில் சவரிமுத்து நின்றிருந்தார். செருப்பில்லாமல், தோளில் துண்டைப் பிடித்துக்கொண்டு. அவர் முறை வந்தபோது ஒரு கையை அல்ல, இரண்டு கையையும் வைத்து நெற்றியைச் சுவரில் முட்டினார். அவரைப் பற்றி வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டோமே என்று எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவருக்கு அடுத்தவள் சூசையம்மா, கோயிலைப் பெருக்குகிறவள், வீட்டில் பட்டுக்குத் தார் சுற்றுகிறவள். அவள் கை வைத்ததும் படக்கென்று சத்தம். அப்படியே குன்றிப்போய் உட்கார்ந்துவிட்டாள்.

நான் ஓடினேன். என்னைப் பார்த்ததும் அவள் அலறிவிட்டாள்.

"சார், என் கைக்குள்ளாறயே அசைஞ்சிது சார்! போன வாரமும் நான் கைய வைக்கச்சேதான் சத்தம் கேட்டுச்சி. யார்கிட்டயும் சொல்லல. நான் இன்னா பாவம் பண்ணேனோ, நான் தொட்டா சுவரு வெலகுது!"

"நீங்கல்லாம் எதுக்கும்மா இதுமேல கைய வைக்கிறீங்க?"

"அந்த மேடம்தான சொன்னாங்க, சுவரு அசைஞ்சா கோயில் போயிடும்னு. அசையக் கூடாதுன்னு கைய வச்சி வேண்டிக்கினோம். வேற இன்னா சார் பண்றது எங்களால?"

சவரிமுத்துவைப் பார்த்தேன். "நீங்களுமா?" என்று கேட்டுவிட்டேன்.

"புதுசு கட்டணும்னுதான் சார் சொன்னேன். இத்த இடிக்கணும்னு எப்ப சொன்னேன்? எங்க அப்பாவ இங்க இருந்துதான் தூக்கிகினு போனோம்" என்றார். கண் கலங்கியிருந்தது.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சுவர் நிற்க வேண்டும் என்று ஊரே சேர்ந்து கைவைத்து, சுவர் நிற்கிறது என்று சொல்லவந்த சாட்சியை வாரா வாரம் அமுக்கி உடைத்திருக்கிறது. உடைந்ததைப் பார்த்துப் பயந்து அடுத்த வாரம் இன்னும் பலமாக அமுக்கியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் மேடத்தை அழைத்துக்கொண்டு போனேன். பஸ்ஸில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மேடம் சிரிக்கவே இல்லை. கோயிலில் சூசையம்மா ஒரு மூலையில், தன் நிழல்கூடச் சுவரில் படாதபடி ஒதுங்கி உட்கார்ந்திருந்தாள். நேற்றிலிருந்து சாப்பிடவில்லையாம். மேடம் என்னைப் புதுக் கண்ணாடி ஒட்டச் சொன்னார். விரிசல்மேல் இல்லை. அதிலிருந்து தள்ளி, ஒரு கீறலும் இல்லாத முழுச்சுவரின்மேல், இரண்டு உருண்டை வைத்து நடுவில் அந்தரமாக. அது இறுகுகிறவரை எல்லோரும் காத்திருந்தோம்.

"சூசையம்மா, வாங்க. இதுமேல கைய வைங்க."

"வேணாம்மா. என் கை ஆவாது."

"நான் சொல்றேன் இல்ல, வைங்க."

அவள் கையை வைத்தாள். மேடம் தன் கையை அவள் கைமேல் வைத்து அமுக்கினார். படக்கென்று கண்ணாடி உடைந்தது. சூசையம்மா அலறப்போனாள். மேடம் அவள் கையை விடவில்லை.

"இங்க விரிசல் இருக்கா? இல்ல. சுவரு அசைஞ்சிதா? இல்ல. கண்ணாடி மெல்லிசு, கை அழுத்தம், அவ்ளோதான். நான் தொட்டாலும் உடையும், அந்த ஃபாதர் தொட்டாலும் உடையும். நீங்க தொட்டு எதுவும் விலகல. புரியுதா?"

அவளுக்குப் புரிந்தது முகத்தில் தெரிந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். மேடமும் முகத்தைத் திருப்பிக்கொண்டு குடையை விரித்து மடக்கினார். அவர் கண்ணில் ஈரத்தை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அதற்குப் பிறகு கீழே கண்ணாடியே ஒட்டவில்லை. மேலே மட்டும், ஏணி இல்லாமல் யார் கையும் எட்டாத உயரத்தில், பல இடத்தில் ஒட்டினோம். மழைக்காலம் முடியும்வரை விரிசல் பக்கம் யாரும் போகக் கூடாது என்று மேடம் கண்டிப்பாகச் சொன்னார். ஃபாதர் பலிபீடத்திலிருந்தே அதைச் சொன்னார். அந்த வருடம் அடைமழை. ஏரி உடைந்துவிடுமோ என்று ஊர் பயந்த ராத்திரிகளில் நான் விழித்துக் கிடந்திருக்கிறேன், நினைப்பெல்லாம் கண்ணாடிமேல்தான். ஒவ்வொரு வாரமும் ஏணியில் ஏறி டார்ச் அடித்துப் பார்ப்பேன். கீழே ஜனங்கள் அண்ணாந்துகொண்டு நிற்பார்கள். "நல்லா கீதா சார்?" என்று ஒரு குரல் கேட்கும். "நல்லா கீது" என்று மேலேயிருந்து நானும் அவர்கள் பேச்சிலேயே சொல்லுவேன். அந்த வாரங்களைப்போல என் பேச்சுக்கு மதிப்பிருந்த காலம் பிறகு வரவில்லை.

மழை ஓய்ந்தது. ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. மேடம் சான்றை எழுதினார், அளந்து வரைந்தவன் என்ற இடத்தில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். கையெழுத்தைப் பார்த்துவிட்டு, "சரி, டீ சொல்லுங்க" என்றார்.

சந்துக்குச் சுண்ணாம்புச் சாந்தை இளக்கமாகப் போட்டு அடைத்து, இரண்டு கட்டடமும் அதனதன்படி விரிந்து சுருங்க இடம் விட்டோம். சவரிமுத்துதான் சாந்து அரைக்க ஆள் பிடித்துக் கொடுத்தார். மேடம் சில வருடத்தில் மாற்றலாகிப் போனார். நானும் எத்தனையோ கட்டடங்களைப் பார்த்துவிட்டேன். ஆனால் கண்ணை மூடினால் வருவது, மேலே இருந்த கண்ணாடிகளை நான் பெயர்த்து எடுத்த நாள்தான்.

கடைசித் துண்டை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு ஏணியிலிருந்து இறங்கினேன். கீழே சூசையம்மா நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஜனங்கள் வாசல்வரைக்கும் நின்றிருந்தார்கள். யாரும் யாரையும் கூப்பிட்டு வரவில்லை. அத்தனை வாரமும் கையை மடக்கிக்கொண்டு இருந்தவர்கள்.

"சார்," என்றாள் சூசையம்மா, "இனிமே தொடலாமா?"

"தொடும்மா" என்றேன். "எவ்ளோ வேணும்னாலும் அமுக்கு."